எம்டன் போன தீவு

சின்ன வயதில் பாட்டி என்னை 'எம்டன்' என்றுதான் திட்டுவார். "சரியான எம்டன்டா இவன், கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள மைலோ டின்ன காலி பண்ணிட்டான்." எம்டன் ஒரு கப்பலின் பெயர் என்பது பாட்டிக்குத் தெரியாது. பத்தொன்பது வயதில், பல்கலைக்கழக விடுமுறையில் பினாங்கு வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் ரஷ்யக் கடற்படையினரின் நினைவுக் கல்லைப் பார்க்கும்வரை எனக்கும் தெரியாது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த ஜெர்மன் கப்பல்தான் எம்டன். தமிழுக்கு ஒரு வசைச் சொல்லையும் பாராட்டுச் சொல்லையும் ஒரே பெயரில் கொடுத்துவிட்டுப் போனது. அதே கப்பல் அக்டோபர் 28 விடியற்காலையில், நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை மாட்டிக்கொண்டு பினாங்குக்குள் நுழைந்தது. ஷெம்சுக் என்ற ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது, வெளியே போகும்போது முஸ்கே என்ற பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்தது. ஷெம்சுக்கில் 80 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களில் சிலர் இன்னும் எங்கள் ஊர் மண்ணில்தான் கிடக்கிறார்கள்.

சென்னைக்கும் பினாங்குக்கும் நடுவில் எம்டன் எங்கே போயிருந்தது என்று தேடியபோதுதான் இந்தக் கட்டுரைக்கான தீவு கிடைத்தது.

அக்டோபர் 9 அன்று எம்டன் இந்தியப் பெருங்கடலின் நட்டநடுவில் டியேகோ கார்சியா என்ற தீவின் உட்கடலில் நங்கூரம் போட்டது. நிலக்கரி ஏற்றவும், அடிப்பகுதியில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் சுரண்டவும் ஒதுக்குப்புறமான இடம் வேண்டியிருந்தது. அது பிரிட்டிஷ் தீவு. ஆனால் தோட்டத்து மேலாளர்கள் பழம், மீன், முட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு கப்பலைப் பார்க்க வந்தார்கள்! உலகப்போர் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவர்களுக்குச் செய்தியே போய்ச் சேரவில்லை. மொரீஷியசிலிருந்து சில மாதங்களுக்கு ஒருமுறை வரும் பாய்க்கப்பல்தான் அவர்களுக்கு உலகம். ஜெர்மானியர்களும் போரைப் பற்றி மூச்சு விடவில்லை. தீவில் ஒரு மோட்டார் படகு பழுதாகிக் கிடந்தது. எம்டன் ஆட்கள் அதைச் சரிசெய்து கொடுத்துவிட்டு மறுநாள் கிளம்பினார்கள். நான் இயந்திரப் பொறியாளர் என்பதால் எனக்கு இந்தப் படகுதான் மனதில் நின்றது. எதிரி வந்து எஞ்சின் ரிப்பேர் செய்து கொடுத்துவிட்டுப் போகிறான். அரை நூற்றாண்டு கழித்து, அந்தத் தீவின் சொந்த அரசாங்கம் வந்து என்ன செய்தது என்பதை வைத்துப் பார்த்தால் எம்டன் பரவாயில்லை.

டியேகோ கார்சியா சாகோஸ் தீவுக் கூட்டத்தில் ஒன்று. மாலத்தீவுக்குத் தெற்கே சுமார் 500 கி.மீ. அறுபதுக்குச் சற்றுக் குறைவான குட்டித் தீவுகள், பவளப் பாறை வளையங்களின் விளிம்பில் சிதறிக் கிடக்கின்றன. எல்லா நிலத்தையும் கூட்டினாலும் பினாங்குத் தீவில் ஐந்தில் ஒரு பங்குதான் வரும், அதிலும் பாதி டியேகோ கார்சியா. பெரும்பாலான இடம் கடல் மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் உயரம்கூட இல்லை. ஆனால் தண்ணீருக்கு அடியில் நிலைமை வேறு. 'பெரும் சாகோஸ் திட்டு' உலகத்திலேயே மிகப் பெரிய பவள வளைய அமைப்பு, 12,000 சதுர கி.மீ.க்கு மேல். அவ்வளவு பெரிய வளையத்தில் தலையை வெளியே நீட்டும் தீவுகள் ஏழெட்டுதான்.

கரையோர மரங்களின் பெயர்ப் பட்டியலைப் பார்த்தபோது ஒரு சின்ன சந்தோஷம். அங்கே தக்கமக்கா என்று சொல்லும் மரம் நம்முடைய புன்னை. மலாயில் பெனாகா லாவுட். ஜார்ஜ் டவுன் நிற்கிற முனைக்கே பழைய பெயர் தஞ்சோங் பெனாகா, புன்னை முனை. சங்ககாலத் தலைவி தலைவனுக்காகக் காத்திருந்த அதே மரம்தான் அங்கே கடற்பறவைகளுக்குக் கிளை கொடுத்துக்கொண்டிருக்கிறது. செங்கால் கடல்வாத்துகள், கருஆலாக்கள், ஆமை முட்டையிடும் மணல், தேங்காயை உரித்துத் தின்னும் நண்டு. இந்த நண்டு நான்கு கிலோ வரை வளரும், கால் விரித்தால் ஒரு மீட்டர். அறுபது ஆண்டுகள்கூட வாழும் என்கிறார்கள். இங்கே முட்டையிட்ட ஒரு பச்சை ஆமையின் முதுகில் கருவி பொருத்திப் பார்த்ததில், அது கிட்டத்தட்ட 4,000 கி.மீ. நீந்திச் சோமாலியா கரைக்குப் போய்ச் சேர்ந்தது.

முதலில் நான் சாகோசில் மயங்கியது இதனால்தான். 2010 ஏப்ரல் 1 அன்று பிரிட்டன் இதைச் சுற்றி ஏறக்குறைய 6,40,000 சதுர கி.மீ. கடலைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. மீன்பிடிக்கவே கூடாது. உலகின் கடைசித் தூய கடல்களில் ஒன்று, மனிதக் கை படாத இடம் என்ற மாதிரி எழுதினார்கள். நம் கரையில் இறால் வலை அரித்துப்போன சேற்றையும், மண் கொட்டி நிரப்பிய கடலையும் பார்த்து வளர்ந்தவனுக்கு அது ஒரு சொர்க்கம்போல இருந்தது. முகநூலில் பகிர்ந்து, 'மனுஷன் இல்லன்னா இயற்கை எப்படி இருக்கும் பாருங்க' என்று எழுதியும் போட்டேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

கை படாத இடமே இல்லை அது. கை பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம். 2018-ல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு இதைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறது. சாகோசில் எலி உள்ள தீவுகளும் எலி இல்லாத தீவுகளும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. எலி இல்லாத தீவில் கடற்பறவைகளின் அடர்த்தி 760 மடங்கு அதிகம். பறவை நடுக்கடலில் மீன் தின்றுவிட்டுத் தீவில் எச்சமிடுகிறது. எச்சத்தின் நைட்ரஜன் மழையில் கரைந்து பவளப் பாறைக்கு இறங்குகிறது. அங்கே பாசி செழிக்கிறது, பாசியைத் தின்னும் மீன் வேகமாக வளர்கிறது. பறவைத் தீவுகளின் கரையோரப் பாறைகளில் மீனின் மொத்த எடை 48 சதவீதம் கூடுதல். எலி வந்தால் முட்டையும் குஞ்சும் போச்சு, எச்சம் போச்சு, மீனும் குறைந்தது. பொறியியல் பாடத்தில் ஒரு வால்வை மூடினால் எங்கேயோ அழுத்தம் குறையுமே, அந்த மாதிரி.

எலி எப்படி வந்தது? கப்பலில். கப்பல் ஏன் வந்தது? தேங்காய்க்கு. எலி உள்ள தீவுகளில் பெரும்பாலானவை பழைய தோட்டங்கள். காட்டை வெட்டித் தென்னை நட்டார்கள். பின்னால் ஆளில்லாமல் போன தென்னந்தோப்பில் விழுந்த நெற்றெல்லாம் முளைத்து, பெரிய மரமும் சின்ன மரமுமாக நுழைய முடியாத அளவுக்கு நெருங்கிக் கிடக்கிறது. அந்த ஊர்க் கிரியோல் மொழியில் அதற்கு 'கொக்கோ போந்தியே' என்று பெயர். கடவுளின் தேங்காய். பொறுக்க ஆளில்லாத தேங்காய் சாமிக்குத்தான்.

ஆக, 'மனிதன் இல்லாத இயற்கை' என்று நான் பகிர்ந்த பச்சைப் படங்களில் பாதி, கைவிடப்பட்ட எஸ்டேட். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது எனக்குத் தெரிந்த இடம்.

1790களில் பிரெஞ்சு முதலாளிகள் மொரீஷியசிலிருந்து இங்கே தோட்டம் போட்டார்கள். மொசாம்பிக், மடகாஸ்கர் பக்கமிருந்து அடிமைகள். தொழுநோயாளிகளையும் ஆமை தின்றால் குணமாகும் என்ற நம்பிக்கையில் இங்கே அனுப்பினார்கள் (எங்கள் ஜெரெஜாக் தீவிலும் தொழுநோயாளிகளைத்தான் வைத்திருந்தார்கள். தொலைவில் ஒரு தீவு இருந்தால் அரசாங்கங்களுக்கு இதே யோசனைதான் வரும் போல). 1814-ல் தீவுகள் பிரிட்டன் கைக்குப் போயின. 1835-ல் அடிமை முறை ஒழிந்தது. பிறகு இந்தியக் கூலிகளும் சிறு எண்ணிக்கையில் வந்து சேர்ந்தார்கள். எண்ணெய்த் தீவுகள் என்று பெயர். மொரீஷியசின் விளக்குகளை எரித்தது இந்தத் தேங்காயெண்ணெய்தான். கழுதைகள் செக்கைச் சுற்றின. ஆண்கள் நெற்று பொறுக்கி மட்டை உரிப்பார்கள், பெண்கள் ஓட்டை உடைத்துப் பருப்பெடுப்பார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை காய் என்று கணக்கு. முடித்தால் வீட்டுக்குப் போகலாம். கூலி சொற்பம், பாதிக்கு மேல் அரிசி, மாவு, எண்ணெய் என்று பொருளாகவே வரும். கடையும் தோட்டத்துக் கடைதான். சனிக்கிழமை இரவு முரசடித்து சேகா பாட்டு.

பெயர்களை மாற்றிப் போட்டால் இது கெடா. பெரட்டு, கிராணி, மண்டோர், லயம். தேங்காய்க்குப் பதில் பால்மரம்.

ஐந்து தலைமுறைகளாக அங்கேயே பிறந்து அங்கேயே புதைந்தவர்களைப் பார்த்து, இவர்கள் ஊர்க்காரர்கள் இல்லை, ஒப்பந்தக் கூலிகள் என்று லண்டனில் உட்கார்ந்து எழுதினார்கள். 1960களில் அமெரிக்காவுக்கு இந்தியப் பெருங்கடலில் தளம் வேண்டியிருந்தது. ஆளில்லாத தீவாக வேண்டும். 1965 நவம்பர் 8 அன்று, விடுதலைக்குக் காத்திருந்த மொரீஷியசிலிருந்து சாகோசைப் பிய்த்து 'பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம்' என்று புதுக் காலனி ஒன்றை உண்டாக்கினார்கள். மொரீஷியசுக்கு 30 லட்சம் பவுண்டு. அமெரிக்கா ரொக்கமாக எதுவும் தரவில்லை. பொலாரிஸ் ஏவுகணை விலையில் 1.4 கோடி டாலர் தள்ளுபடி கொடுத்தது, அதுவும் ரகசியமாக. நிரந்தரக் குடிகள் இருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டால் ஐ.நா.வுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதனால் நிரந்தரக் குடிகளே இல்லை. 1966-ல் வெளியுறவு அதிகாரிகள் எழுதிக்கொண்ட குறிப்பில், கடற்பறவைகளைத் தவிர அங்கே பூர்வகுடி இல்லை என்று ஒருவர் எழுத, பறவைகளோடு கொஞ்சம் டார்சன்களும் ஃப்ரைடேக்களும் இருக்கிறார்களே என்று இன்னொருவர் கிண்டலாகப் பதில் எழுதியிருக்கிறார்.

'ஒப்பந்தக் கூலி' என்ற சொல்லில் நான் சிக்கிக்கொண்டேன். வேலை இருக்கும்வரைதான் வீடு, வேலை போனால் நீ எந்த ஊர்? இந்தக் கேள்வி நம் தோட்டங்களிலும் கேட்கப்பட்டது.

இதில் வயிற்றெரிச்சலைக் கிளப்பும் கிளைக்கதை ஒன்று உண்டு. தளத்துக்கு இன்னொரு தீவையும் யோசித்தார்கள், அல்டாப்ரா. அங்கே மனிதர் குடியிருப்பு என்று சொல்லும்படி ஒன்றுமில்லை, ராட்சத ஆமைகள் இருந்தன. விஞ்ஞானிகள் கொதித்தெழுந்தார்கள். ராயல் சொசைட்டி எதிர்த்தது. நாடாளுமன்றத்தில் கேள்விக்கு மேல் கேள்வி. 1967-ல் பவுண்டின் மதிப்பு இறங்கிச் செலவைக் குறைக்க வேண்டிவந்ததும் ஒரு காரணம்தான். எப்படியோ, அல்டாப்ரா பிழைத்தது. சாகோசுக்காகக் கேள்வி கேட்க யாரும் வரவில்லை. அங்கே இருந்தவர்கள் 1,500 முதல் 2,000 பேர். ராட்சத ஆமை இல்லை.

1968 முதலே, மருத்துவத்துக்கோ உறவினரைப் பார்க்கவோ மொரீஷியஸ் போனவர்களுக்குத் திரும்பிப் போகக் கப்பல் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இப்போது சாகோஸ் அகதிகள் குழுவை நடத்தும் ஒலிவியே பாங்கூல் அப்படி மாட்டிக்கொண்ட குடும்பத்துப் பிள்ளை. காலில் வண்டி ஏறிய அக்காவைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போனார்கள். அக்கா இறந்துபோனார். வீடு திரும்ப முடியவில்லை. தீவுகளுக்கு வரும் சரக்கும் மருந்தும் குறைந்தன. 1971-ல் டியேகோ கார்சியா காலியானது. அடுத்த வருடம் சாலமன், 1973-ல் பெரோஸ் பன்யோஸ்.

கிளம்புவதற்கு முன் நாய்கள். சீஷெல்ஸ் ஆளுநர் சர் புரூஸ் கிரேட்பேட்ச் உத்தரவு. ஏறக்குறைய ஆயிரம் வளர்ப்பு நாய்கள். முதலில் சுட்டுப் பார்த்தார்கள், பிறகு விஷம் வைத்தார்கள். இரண்டும் சரிப்படவில்லை. கடைசியில், கொப்பரை காயவைக்கும் கொட்டகைக்குள் இறைச்சியைக் காட்டி இழுத்து அடைத்து, அமெரிக்க ராணுவ வண்டிகளின் புகையைக் குழாய் வழியாக உள்ளே விட்டார்கள். பிள்ளைகள் வெளியே நின்றிருந்தார்கள். அடுத்தது நாமோ என்று பெரியவர்களுக்குப் பயம். நோர்ட்வேர் என்ற சரக்குக் கப்பலில் ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு பாய். மேலாளரின் குதிரைகளுக்கு மேல்தளத்தில் இடம் கிடைத்தது. கடைசிக் கப்பல் மொரீஷியஸ் போனபோது ஜனங்கள் இறங்க மாட்டோம் என்று கப்பலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் மொழியில் 'சக்ரேன்' என்று ஒரு சொல் உண்டு, நெஞ்சை அடைக்கும் துக்கம். லிசெத் தாலாத் என்ற பெண்மணி, மொரீஷியஸ் வந்த பிறகு தன் பிள்ளைகள் இருவர் அந்தத் துக்கத்தில் செத்துப்போனதாகக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் தோட்டம் காலியானபோது எனக்கு ஏழு வயது. வீட்டுமனைக்கு விற்றுவிட்டார்கள். பாட்டிக்கு பட்டர்வொர்த்தில் ஏழாவது மாடியில் வீடு கிடைத்தது, நாய் வளர்க்க அனுமதி இல்லை. மணியை லயத்திலேயே விட்டுவிட்டு லோரியில் ஏறினோம். ஓடி வந்தது, கொஞ்ச தூரம். யாரும் அதைக் கொல்லவில்லை. இரண்டையும் ஒப்பிடக் கூடாது என்று எனக்குத் தெரியும். நாய் பற்றிய அந்தப் பத்தியைப் படித்தபோது மணி ஓடி வந்ததுதான் முன்னால் வந்தது, அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

அந்த ஊர்கள் இப்போது எப்படி இருக்கின்றன? சாலமன் வளையத்தில் பொதாம் தீவின் படங்களைப் பாய்மரப் படகில் உலகம் சுற்றும் வெள்ளைக்காரர்கள் நிறையப் போட்டிருக்கிறார்கள். அனுமதிச் சீட்டு வாங்கினால் அவர்கள் நங்கூரம் போடலாம், கிணற்றில் துணி துவைக்கலாம். அங்கே பிறந்தவர்களால் முடியாது. கூரையில்லாத தேவாலயம், உள்ளே தென்னை. இடிந்த துறை. சுவரைப் பிளந்து இறங்கிய வேர்கள். எழுத்து அழிந்த கல்லறைகள், மேலே நெற்று முளைத்து நிற்கிறது. டியேகோ கார்சியாவின் கிழக்கு முனையில் மேலாளர் மாளிகையும் தேவாலயமும் பராமரிப்பில் இருக்கின்றன. செக்கிழுத்த கழுதைகளின் வம்சம் காட்டில் இன்னும் திரிகிறது. நாய்களைக் கொன்றவர்கள் கழுதைகளை மறந்துவிட்டார்கள். எதிர்க்கரையில் 3.6 கி.மீ. ஓடுபாதை.

2000-ல் லண்டன் உயர் நீதிமன்றம் வெளியேற்றம் சட்டவிரோதம் என்றது. 2004-ல் அரசாணை போட்டு அதைச் செல்லாமல் ஆக்கினார்கள். 2008-ல் பிரபுக்கள் சபை 3-க்கு 2 என்று அரசின் பக்கம் நின்றது. 2010-ல் வந்ததுதான் நான் முகநூலில் கொண்டாடிய கடல் காப்பகம். அதற்கு முந்தைய வருடமே பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர், காப்பகம் வந்தால் தீவுக்காரர்கள் திரும்பும் கோரிக்கை எடுபடாது என்று அமெரிக்கத் தூதரகத்தாரிடம் சொல்லியிருக்கிறார். விக்கிலீக்ஸ் வழியாக அது வெளியே வந்தது. 2015-ல் கடல்சட்டத் தீர்ப்பாயம், அந்தக் காப்பகத்தை அறிவித்த முறை சட்டப்படி இல்லை என்றது.

அதனால் பவளப் பாறையும் பறவையும் பொய்யா? இல்லை. மீன்பிடிக் கப்பல்கள் அங்கே போகாதது நல்லது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். தோட்ட முதலாளிகள் பறவைக் காட்டை அழித்ததும் உண்மை, தீவுக்காரர்கள் ஆமையும் பறவை முட்டையும் தின்றதும் உண்மை. ஆனால் எலியை ஒழித்துத் தென்னையை வெட்டிப் புன்னை நட ஆள் வேண்டும். அந்த வேலையை அங்கே பிறந்தவன் ஏன் செய்யக் கூடாது?

திரும்பக் குடியேற்றம் சாத்தியமா என்று சாத்தியக்கூறு ஆய்வுகள் வேறு. 2002-ல் வந்தது, செலவு தாங்காது, கடல் மட்டம் உயர்கிறது என்றது. 2015-ல் கேபிஎம்ஜி செய்தது, முடியும், இத்தனை வழி இருக்கிறது என்றது. 2016-ல் அரசு மறுத்துவிட்டது. என் வேலையிலும் இப்படிப்பட்ட அறிக்கைகள் வரும். முடிவு மேலே எடுக்கப்பட்ட பிறகு எங்களிடம் காரணம் கேட்பார்கள். கடல் மட்டம் உயரும் தீவில் ஆயிரக்கணக்கானோர் வேலை பார்க்கும் தளம் மட்டும் எப்படி மிதக்கும் என்று அந்த அறிக்கையை எழுதியவர்களிடம் கேட்க ஆசை.

2021 அக்டோபரில் கனடா போகக் கிளம்பிய ஒரு படகு பழுதாகி, அதிலிருந்த 89 இலங்கைத் தமிழர்கள் டியேகோ கார்சியாவில் கரை சேர்க்கப்பட்டார்கள். வேலி போட்ட முகாமில் கூடாரங்கள், மூன்று வருடம். எலித் தொல்லை என்று அவர்கள் சொன்னதைச் செய்தியில் படித்தேன். தேங்காய்க் கப்பலில் வந்த அதே எலிகளின் பேரப்பிள்ளைகள். வேறு குடிகளே இல்லாத தீவில், ராணுவத்தைத் தவிர்த்தால், வருடக்கணக்கில் குடும்பமாக இருந்தவர்கள் அவர்கள்தான். 2024 டிசம்பரில் அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றமே அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்றது. எம்டனை நம் ஆட்கள் வசைச் சொல்லாக்கிய மாதிரி, அந்தப் பிள்ளைகள் தீவுக்கு என்ன பெயர் வைத்திருப்பார்களோ.

2025 மே 22 அன்று பிரிட்டனும் மொரீஷியசும் கையெழுத்துப் போட்டன. தீவுகள் மொரீஷியசுக்கு, டியேகோ கார்சியா தளம் மட்டும் 99 வருடக் குத்தகைக்கு, வருடத்துக்குச் சராசரி 10.1 கோடி பவுண்டு. தங்களை யாரும் கேட்கவில்லை என்று தீவுக்காரர்களில் பலர் கோபமாக இருக்கிறார்கள். சிலருக்கு மகிழ்ச்சி.

போன தீபாவளிக்கு பாட்டியிடம் இதையெல்லாம் சொன்னேன். எம்டன் கப்பல் என்றதும் சிரித்தார். படகு ரிப்பேர் செய்ததை இரண்டு முறை சொல்லச் சொன்னார். காய் கணக்கு, தோட்டத்துக் கடை என்றபோது தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நாய்களைப் பற்றி நான் சொல்லவில்லை.

"அப்ப அவங்களுக்கு இபிஎப் காசு குடுத்தாங்களா?"

கொடுத்தார்கள் என்றேன். முதலில் 6,50,000 பவுண்டு, மொரீஷியஸ் அரசிடம் கொடுத்தது, ஜனங்கள் கைக்கு வர அஞ்சாறு வருடம் ஆனது. பிறகு 1982-ல் 40 லட்சம் பவுண்டு. பணம் வாங்கும்போது ஒரு தாளில் கைநாட்டு வாங்கினார்கள். இனி ஊருக்குத் திரும்பிப் போகும் உரிமை கேட்க மாட்டேன் என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கிரியோல் மட்டும் தெரிந்தவர்களுக்கு அதை யாரும் சரியாகப் படித்துச் சொல்லவில்லை.

"நானும் வச்சேன்," என்றார் பாட்டி. "அந்தத் தாளு எங்கயோ இருக்கும் பாரு, அலமாரியில. என்னா எழுதிருக்குன்னு ஒருநாள் படிச்சுச் சொல்லு."

இன்னும் தேடவில்லை.